ஆண்டு விழாவைப் பிள்ளைகளிடம் திருப்பிக் கொடுங்கள்: பள்ளி நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தாளாளர் அவர்களுக்கும், தலைமையாசிரியர் அவர்களுக்கும், நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கும்,

போன வாரம் நடந்த ஆண்டு விழாவில், நன்றியுரைக்குச் சற்று முன்னால், "இனி ஒவ்வோர் ஆண்டும் விழா இப்படித்தான் நடக்கும், பரிசளிப்பு மட்டும்" என்று மேடையிலேயே அறிவித்தீர்கள். முன்வரிசையில் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் ஒரு பெண்ணின் தாய் நான். நான்கு ஆண்டுகளாக ஆண்டு மலருக்கு மெய்ப்புப் பார்த்துக் கொடுத்து வந்தவள். தலைமையாசிரியரை நேரில் பார்த்து இரண்டு முறை பேசினேன். பொறுமையாகக் கேட்டார், "குழு எடுத்த முடிவு, என் கையில் இல்லை" என்றார். அதனால் குழுவுக்கே, எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

விழாவுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது சுற்றறிக்கை வந்தது. கண்காட்சி கிடையாது, நாடகம் கிடையாது, ஆண்டு மலரும் கிடையாது. தேர்வு நெருங்குவதால் நேரத்தை மிச்சப்படுத்துகிறோம் என்று ஒரே வரியில் காரணம் இருந்தது. அந்தத் தாள் என் மகளின் பைக்குள் நாலாக மடிந்து கிடந்தது. இரண்டு நாள் அவள் அதை எடுத்துக் காட்டவே இல்லை. துவைக்கப் பையைக் காலி செய்தபோதுதான் என் கண்ணில் பட்டது.

விழா ஒன்றரை மணி நேரம் நடந்தது. பேச்சுகளுக்கே பாதி நேரத்துக்கு மேல் போனது. மேடையேறிய பிள்ளைகளை அழைப்பிதழின் பின்பக்கத்தில் கோடு போட்டு எண்ணிக்கொண்டே வந்தேன். 38 பேர். ஒரு மாணவி ஐந்து முறை ஏறினாள். நன்றாகப் படிக்கிற பெண், வாங்கிய ஒவ்வொரு பரிசுக்கும் உழைத்தவள், அவளைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. நான் பேசுவது மிச்சமிருந்த எழுநூற்றுச் சொச்சம் பேரைப் பற்றி. வகுப்பு வாரியாக உட்கார்ந்து, ஆசிரியர் கை காட்டும்போதெல்லாம் தட்டினார்கள். ஓர் ஆண்டு முழுக்க அந்தப் பள்ளியில் அவர்கள் செய்ததில் ஒன்றைக்கூட அன்று யாரும் பார்க்கவில்லை.

அப்படி என்ன செய்தார்கள் என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு நெருக்கமாகத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன்.

என் மகளும் அவள் வகுப்புத் தோழிகள் மூன்று பேரும் கல்வியாண்டின் முதல் மாதத்திலேயே ஒரு மழைமானி செய்தார்கள். பிளாஸ்டிக் புனல், ஒரு பாட்டில், சாய்ந்து விழாமல் இருக்க நாலு செங்கல். பள்ளி மொட்டை மாடியில் வைத்து, தினமும் காலை மணி அடிக்கும் முன் ஏறிப் போய் அளந்து ஒரு நோட்டில் எழுதினார்கள். விடுமுறை நாட்களுக்கு முறை போட்டுக்கொண்டார்கள். காவலாளி அண்ணன் கதவைத் திறந்துவிடுவார்.

முதல் இரண்டு மாதம் பாட்டிலில் நின்ற தண்ணீரின் உயரத்தை ஸ்கேல் வைத்து அளந்து, அதுதான் மழையளவு என்று எழுதினார்கள். ஒரு நாள் செய்தியில் சொன்ன அளவையும் தங்கள் அளவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது கிட்டத்தட்ட மூன்று மடங்கு வித்தியாசம். நாலு பேரும் அன்று மதிய இடைவேளை முழுக்க உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். கடைசியில் பிடிபட்டது. புனலின் வாய் 10 சென்டிமீட்டர் அகலம், பாட்டில் 6 சென்டிமீட்டர்தான். அகலமான வாயில் விழுந்த மழை ஒடுக்கமான பாட்டிலுக்குள் இறங்கும்போது உயரம் கூடித்தான் தெரியும். இரண்டின் பரப்பளவையும் கணக்குப் போட்டு, இரண்டு மாத அளவுகளையும் சிவப்பு மையில் அடித்து, பக்கத்திலேயே சரியான எண்ணை எழுதினார்கள். பழையதை அழிக்கவில்லை. "தப்பு எங்கே நடந்ததுன்னு பார்க்கிறவங்களுக்குத் தெரியணும்மா" என்றாள் என் மகள். அந்தப் பக்கங்களை நான் பார்த்திருக்கிறேன். எந்த மதிப்பெண் பட்டியலிலும் அதற்கு இடம் இல்லை. என் மகள் இந்த ஆண்டு கற்றுக்கொண்டதிலேயே பெரிய பாடம் அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு செய்ததுதான் உங்கள் குழு அவசியம் பார்த்திருக்க வேண்டியது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். வகுப்பறைக் கட்டடத்தின் மாடியை நாடா வைத்து அளந்தார்கள், 300 சதுர மீட்டர் வந்தது. பெருமழை பெய்த ஒரு நாள் மட்டும் பதிவான அளவு 46 மில்லிமீட்டர். அப்படியென்றால் அந்த ஒரே நாளில், அந்த ஒரே மாடியிலிருந்து 13,800 லிட்டர் தண்ணீர் குழாய் வழியாக இறங்கிச் சாக்கடைக்குப் போயிருக்கிறது. பள்ளியின் தண்ணீர்த் தொட்டி 5,000 லிட்டர். கழிப்பறையில் தண்ணீர் வராமல் பிள்ளைகள் எத்தனை நாள் தவித்திருக்கிறார்கள் என்று உங்களுக்கும் தெரியும். அந்தக் குழாயை எப்படித் திருப்பித் தொட்டியில் விடலாம், முதல் மழையின் அழுக்குத் தண்ணீரை எப்படித் தனியே விலக்கலாம் என்று படம் வரைந்து, கண்காட்சிக்கு வரும் குழு உறுப்பினர்களிடம் நேரில் விளக்கக் காத்திருந்தார்கள். யார் எந்தப் பகுதியைச் சொல்வது என்றுகூடப் பிரித்துக்கொண்டார்கள். அந்த அட்டைகள் இப்போது ரப்பர் பேண்டு போட்டுச் சுருட்டி எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் நிற்கின்றன.

இது நாலு பேருடைய கதை. கண்காட்சிக்குப் பெயர் கொடுத்திருந்தவை இருபதுக்கும் மேற்பட்ட குழுக்கள். மற்றவர்களின் வீட்டுக் கதவுகளுக்குப் பின்னால் என்னென்ன நிற்கிறதோ, எனக்குத் தெரியாது. குழுவுக்கும் தெரியாது என்பதுதான் என் வருத்தம்.

நாடகத்துக்கு வருகிறேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளும் சேர்ந்து தாங்களே எழுதியது. ஆறு வாரம், பள்ளி விட்ட பிறகு ஒத்திகை பார்த்தார்கள். அதில் நடிக்க இருந்த ஒரு பையனுக்குத் திக்குவாய் உண்டு. வகுப்பில் வாசிக்கச் சொன்னால் எழுந்து நின்று அப்படியே தலைகுனிந்துவிடுவான். ஒத்திகைக்கு ஒரு நாள் பிள்ளையை அழைத்துவரப் போனபோது நான் கதவோரம் நின்று பார்த்தேன். தன் வசனத்தை அவன் ஒரு தடங்கலும் இல்லாமல் சொன்னான். பேசி முடித்ததும் அவன் முகத்தில் வந்த ஆச்சரியத்தைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. திக்கிப் பேசுகிறவர்களில் பலருக்கு, பாடும்போதும் மனப்பாடமான வசனத்தைப் பேசி நடிக்கும்போதும் திக்கல் குறைந்துவிடுவது உண்டு. அமெரிக்க நடிகர் ஜேம்ஸ் எர்ல் ஜோன்ஸ் சிறுவயதில் திக்குவாயால் எட்டு ஆண்டுகள் ஏறக்குறைய பேசாமலே இருந்தவர். உயர்நிலைப் பள்ளியில் ஓர் ஆசிரியர் அவரை வகுப்புக்கு முன்னால் கவிதை சொல்ல வைத்தார். பிற்பாடு அவர் உலகம் முழுக்க அறியப்பட்டதே அந்தக் குரலுக்காகத்தான்.

நம் பள்ளிப் பையன் நடிகனாக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தன் வகுப்பு முழுக்கத் தான் பேசுவதைக் கேட்கிற ஒரு மாலை அவனுக்குக் கிடைத்திருக்க வேண்டும். பன்னிரண்டு நாள் இருக்கும்போது அதை எடுத்துவிட்டீர்கள். ஒத்திகை நடத்திய ஆசிரியைக்கும் பிள்ளைகளோடு சேர்த்துத்தான் சுற்றறிக்கை கிடைத்திருக்கிறது. அவர் எதுவும் பேசக்கூடிய நிலையில் இல்லை. நான் பேசுகிறேன்.

ஆண்டு மலரைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை. கதை, கவிதை, ஓவியம் எல்லாம் சேர்ந்து ஒரு கோப்பு நிறைய வந்துவிட்டது, பாதிக்கு மேல் நானே மெய்ப்பும் பார்த்துவிட்டேன். அச்சுச் செலவுதான் தடை என்றால் அதை அப்போதே சொல்லியிருக்கலாம், கையெழுத்துப் பிரதியாகவே கொண்டுவந்திருப்போம்.

உங்கள் பக்கத்து நியாயத்தையும் நான் யோசிக்காமல் இல்லை. போன ஆண்டு பத்தாம் வகுப்புத் தேர்ச்சி குறைந்தது, பெற்றோர் சிலரே குழுவில் வந்து சத்தம் போட்டார்கள், "ஆட்டம் பாட்டம் எல்லாம் எதற்கு" என்று கேட்டார்கள். அது என் காதிலும் விழுந்தது. ஆனால் தேர்வுக்கு முந்தின மாதத்தில் விழாவை வைத்தது பிள்ளைகள் இல்லையே. தேதி குறிப்பது குழு. இரண்டு மாதம் முன்தள்ளி வைத்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. அப்புறம், மிச்சப்படுத்திய நேரம் எங்கே போனது என்றும் பார்க்க வேண்டும். நாடகம் நின்ற பிறகு அந்தப் பிள்ளைகள் மாலையில் என்ன செய்தார்கள் என்று என் மகளிடம் விசாரித்தேன். சிறப்பு வகுப்பு எதுவும் வைக்கவில்லை. நாலு மணிக்கு வீட்டுக்குப் போனார்கள், அவ்வளவுதான்.

பரிசளிப்பிலும் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காத மாணவர்களுக்கு இந்த ஆண்டு புதிதாகப் பரிசு கொடுத்தீர்கள். வருகையை ஊக்கப்படுத்துவது நல்ல எண்ணம்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் என் மகளின் வகுப்பில் ஒரு பையனுக்கு மூச்சிரைப்பு நோய் இருக்கிறது. மழைக்காலத்தில் மாதத்துக்கு நாலைந்து நாள் வர முடியாது. இன்னொரு பெண் அம்மா மருத்துவமனையில் இருந்தபோது ஒரு வாரம் தம்பியைப் பார்த்துக்கொண்டாள். தவறவிட்ட பாடத்தை நோட்டு வாங்கி எழுதி, இரண்டு பேருமே தேர்வில் தேறினார்கள். அவர்கள் உட்கார்ந்து தட்ட, உடம்புக்கு ஒன்றும் வராதவர்கள் மேடையேறிப் பரிசு வாங்கினார்கள்.

இந்தப் பரிசு நினைத்த பலனைத் தருகிறதா என்றும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான 15,000க்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 2021இல் அச்சாகி வெளிவந்தது. முழு வருகைக்குப் பரிசு தருவோம் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டவர்களின் வருகை சராசரியாகக் கூடவில்லை. ஏற்கெனவே முழு வருகை காட்டியதற்காகத் திடீரென்று பரிசு பெற்றவர்கள், பரிசே பெறாதவர்களைவிட அடுத்து வந்த மாதத்தில் 8 சதவீதம் கூடுதலாக விடுப்பு எடுத்திருந்தார்கள். மற்றவர்களைவிட, எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே வந்துவிட்டோம் என்று அந்தப் பரிசே அவர்களுக்கு உணர்த்தியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். நம் பள்ளியிலும் அப்படியேதான் ஆகும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். நோயாளிப் பிள்ளையைக் கூசவைக்கும் ஒரு பரிசைக் கொண்டுவரும் முன் யாராவது இதைக் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

இந்த முடிவை எடுக்கும்போது ஒரு பிள்ளையிடமாவது கேட்டீர்களா? 1989 நவம்பர் 20 அன்று ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு, தங்களைப் பாதிக்கும் விஷயங்களில் குழந்தைகள் கருத்துச் சொல்லவும், அந்தக் கருத்துக்கு வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்புக் கிடைக்கவும் உரிமை தருகிறது. விளையாட்டிலும் கலைகளிலும் பண்பாட்டு வாழ்விலும் பங்கேற்பதை 31ஆம் பிரிவு உரிமையாகவே சொல்கிறது. சட்டம் பேச வேண்டும் என்பது என் நோக்கம் இல்லை. பத்தாம் வகுப்பு மாணவர்கள் கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் கொடுத்தார்கள். நாடகத்துக்கு நாற்பது நிமிடம் மட்டும் போதும், ஒலிபெருக்கிகூட வேண்டாம் என்று கேட்டிருந்தார்கள். அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். இன்றுவரை பதில் இல்லை. "முடியாது" என்றுகூடச் சொல்லவில்லை. பதினைந்து வயதுப் பிள்ளைகள் மரியாதையாக எழுதிக் கேட்ட ஒரு கடிதத்துக்குப் பதில் சொல்லாமல் விட்டது, விழாவை வெட்டியதைவிட என்னை அதிகமாக நோகடித்தது.

இனி நான் கேட்பவை.

மேடையில் அறிவித்த முடிவைத் திரும்பப் பெறுங்கள். அதை எழுத்தில், எல்லாப் பெற்றோருக்கும் போகும் சுற்றறிக்கையாகத் தாருங்கள். அடுத்த ஆண்டு விழாவின் தேதியைப் பள்ளி திறந்த முதல் மாதத்திலேயே அறிவியுங்கள், பொதுத் தேர்வுக்குக் குறைந்தது இரண்டு மாத இடைவெளி விட்டு. விழாவைத் திட்டமிடும் குழுவில் வகுப்புக்கு இரண்டு மாணவர்களாவது உட்கார வேண்டும். முதல் கூட்டத்திலிருந்தே, முடிவெடுத்த பிறகு கூப்பிட்டுச் சொல்வதற்காக மட்டும் வேண்டாம்.

முதல் மூன்று இடங்களுக்கான பரிசுகள் இருக்கட்டும். அதோடு, நிகழ்ச்சி நிரலில் ஒரு பக்கம் ஒதுக்கி, திரை இழுத்தவர், விளக்குப் பார்த்தவர், நூலகத்தில் புத்தகம் அடுக்கியவர், விளையாட்டு மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டவர் என்று ஆண்டு முழுக்க வேலை செய்த பிள்ளைகளின் பெயர்களை அச்சடியுங்கள். வகுப்பாசிரியர்கள் ஒரு மாலையில் அந்தப் பட்டியலைத் தந்துவிடுவார்கள். முழு வருகைப் பரிசை நிறுத்துங்கள்.

இந்த ஆண்டுக்கும் இன்னும் நேரம் போய்விடவில்லை. கடைசித் தேர்வுக்கு மறுநாள், விடுமுறை விடும் முன், அரைநாள் கொடுங்கள். வகுப்பறைச் சுவர்களில் கண்காட்சி வைத்துக்கொள்கிறோம், அரங்கம்கூட வேண்டாம். அதன் முடிவில் நாடகம். மலருக்கு வந்தவற்றை நகலெடுத்துத் தைத்து நூலகத்தில் வைக்க அனுமதி கொடுத்தால் போதும். மேசை தூக்க, கூட்டிப் பெருக்க, பிள்ளைகளை வீட்டில் கொண்டுபோய் விட என்று பெற்றோர் பதினொரு பேர் என்னிடம் பெயர் கொடுத்திருக்கிறார்கள். மிச்ச மெய்ப்பை இந்த வாரத்துக்குள் நான் முடித்துவிடுவேன். அன்று குழு உறுப்பினர்கள் நேரில் வர வேண்டும். மொட்டை மாடித் தண்ணீரைப் பற்றி நாலு பெண்கள் உங்களிடம் விளக்கக் காத்திருக்கிறார்கள், பத்து நிமிடம் நின்று கேளுங்கள்.

பத்தாம் வகுப்பு மாணவர்களின் கடிதத்துக்குப் பதில் எழுதுங்கள், தாளாளரின் கையெழுத்தோடு, அவர்கள் பெயருக்கே. தேர்வு முடிந்த கையோடு அவர்கள் பள்ளியை விட்டுப் போய்விடுவார்கள். அதற்கு முன் அந்தப் பதில் அவர்கள் கையில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்